விரிசலை அடைக்கும் முன்

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுவது. அடுப்படிச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, தரையும் கொல்லைப்பக்கம் இறங்குகிறது என்று எழுதியிருந்தாய். கொத்தனாரைக் கூப்பிட்டுச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறாராம் அப்பா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லம்மா. அடைத்தால் தடயம்தான் மறையும், காரணம் அங்கேயேதான் இருக்கும்.

எல்லா விரிசலும் ஒன்றல்ல. பூச்சில் மயிரிழையாகப் பின்னிக் கிடப்பவை கலவை காயும்போது வருபவை, பயமில்லை. தளமும் சுவரும் சேருமிடத்தில் படுக்கையாக ஓடினால் அது வெயிலின் வேலை. 10 மீட்டர் நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும். கீழே இருக்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீளாது.

நீ சொல்வது வேறு. ஜன்னல் மூலையில் தொடங்கிச் செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிப்படியாகச் சாய்ந்து போகிறது என்கிறாய். எனக்கு அஸ்திவாரத்தின் மேல்தான் சந்தேகம். கோவில்பட்டிக் கரிசல் கோடையில் பாளம் பாளமாக வெடிப்பதை நீயே பார்த்திருக்கிறாய். ஐப்பசி மழையில் அதே மண் உப்பும். வீட்டுக்கு அடியில், ஓரத்து மண்தான் முதலில் காயும். நடுவில் ஈரம் நிற்கும். அதனால் மூலை இறங்கும். விரிசலின் மேல்முனை அகலமா, கீழ்முனை அகலமா என்று பார். மேலே அகலம் என்றால் பெரும்பாலும் வீட்டின் ஓரம் இறங்கியிருக்கும். கீழே அகலம் என்றால் நடுப்பகுதி. சுவரை ஒட்டி நிற்கும் வேம்பையும் மறந்துவிடாதே. கோடையில் அது மண்ணின் ஈரத்தை இன்னும் உறிஞ்சும்.

தரையைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்கர்ட்டிங் சுவரில் மட்டமாக இருந்து, அதற்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்திருந்தால் சுவர் இறங்கவில்லை. தரைக்கு அடியில் கொட்டிய மண்தான் அமுங்கியிருக்கிறது. வீடு கட்டும்போது தண்ணீர் விட்டுச் சரியாக இடிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது உடைந்த கழிவுநீர்க் குழாய் மண்ணை அரித்திருக்கும். நாணயத்தால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போ; ‘டொக்’கென்று வெற்றொலி வரும் இடங்களைச் சாக்பீஸால் குறி. அந்தக் குறிகள் எல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமே கூடினால், முதலில் குழாயைச் சோதிக்கச் சொல். ஸ்கர்ட்டிங்கும் சேர்ந்து சாய்ந்திருந்தால் சுவரே இறங்கியிருக்கிறது. ரசமட்டம் வைத்தால் தெரிந்துவிடும்.

இனி நீ செய்ய வேண்டியது. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுது. நடுவில் ஓரிடத்தைக் குறித்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில் அகலத்தை அளந்து நோட்டில் எழுதிவை. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்கட்டும். கோடையில் விரிந்து மழையில் ஒடுங்கினால் கரிசல்தான். மாறவே இல்லையென்றால் பழைய இறக்கம், நின்றுவிட்டது, அப்போது அடைக்கலாம். எந்தப் பருவத்திலும் விரிந்துகொண்டே போனால் கட்டடப் பொறியாளர் வந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும்.

சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தாலோ, பில்லரிலோ பீமிலோ கம்பி போகும் வழியே வெடித்துத் துருக்கறை தெரிந்தாலோ உடனே பொறியாளரைக் கூப்பிடுங்கள். துருப்பிடித்த கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து எடு. வெளிப்புறச் சுவரின் அதே இடத்தையும் எடுத்து அனுப்பு. விரிசல் ஊடுருவிப் போகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாமா