பாடம்: விசா வேறு, அந்தஸ்து வேறு



நம்ம பிள்ளைகளும் இப்போது அமெரிக்கா போய் மேல்படிப்பு படிக்கிறார்கள். அதற்காக நகை அடகுக்குப் போகிறது, நிலப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. கடன் தாளில் கையெழுத்துப் போடுவது தாய்தான். அதனால் இந்த விஷயம் தாய்க்கும் தெரிந்திருக்கணும்.

விசா என்பது அந்த நாட்டு வாசலில் காட்டும் சீட்டு. அந்தஸ்து என்பது உள்ளே போனபின் மாணவராக இருக்கும் உரிமை. ஐ-20 என்பது கல்லூரி தரும் சேர்க்கைத் தாள். செவிஸ் என்பது மாணவர் விவரத்தை அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவேடு.

விசா மறுத்தால்

பெரும்பாலும் 214(பி) என்ற பிரிவைச் சொல்லித்தான் மறுப்பார்கள். 'படித்து முடித்து ஊர் திரும்புவார் என்று நம்பிக்கை வரவில்லை' என்பது அதன் பொருள். இதற்கு மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் 2023 ஜூன் முதல் 185 டாலராக உள்ள விசா கட்டணம் திரும்பி வராது, புதிதாகக் கட்டணும். செவிஸ் கட்டணம் 350 டாலரை, 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு விண்ணப்பித்தால் மறுபடி கட்ட வேண்டாம்.

முதல் முறை சொன்னதையே திரும்பச் சொன்னால் பலன் இருக்காது. ஏன் இந்தப் படிப்பு, பணம் எங்கிருந்து வருகிறது, முடித்தபின் என்ன வேலை என்று பிள்ளையே தெளிவாகச் சொல்லணும். 'வங்கி இருப்பு நாங்க காட்டுறோம்' என்று ஏஜென்ட் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பொய்த் தாள் பிடிபட்டால் ஆயுளுக்கும் தடை வரலாம்.

விசா ரத்து ஆனால்

உள்ளே படிக்கும்போதே விசா ரத்து ஆகலாம். அதனால் மட்டும் படிப்பு முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் ஊருக்கு வந்தால் அந்த விசாவில் திரும்பிப் போக முடியாது. நாட்டை விட்டு அனுப்பும் வழக்கும் வரலாம். உடனே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலரையும் குடிவரவு வக்கீலையும் பார்க்கணும்.

2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான மாணவர்களின் செவிஸ் பதிவை அமெரிக்க அரசு முடித்துவிட்டது. பலர் நீதிமன்றம் போனார்கள். பல நீதிபதிகள் தடை கொடுத்தபின், ஏப்ரல் 25 அன்று பதிவுகளைத் திரும்பத் தருவதாக அரசு சொன்னது. பயந்து ஓடாமல் கேட்டவர்களுக்கு வழி கிடைத்தது.

அந்தஸ்து போனால்

குறைந்த பாடங்கள் எடுப்பது, அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பது, கல்லூரிக்குப் போகாமல் இருப்பது, இவற்றால் அந்தஸ்து போகும். கல்லூரி நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம்.

திரும்பப் பெற இரண்டு வழி:

1. அங்கிருந்தே ஐ-539 படிவம் போடுவது. பொதுவாக 5 மாதத்துக்குள் போடணும். தவறு பிள்ளையின் கையை மீறியதாக இருக்கணும், உதாரணமாகக் கடும் நோய். அனுமதியில்லாத வேலை பார்த்திருக்கக் கூடாது. கல்லூரியும் புது ஐ-20 தந்து பரிந்துரைக்கணும்.

2. நாட்டை விட்டு வந்து, புது ஐ-20 வாங்கி, செவிஸ் கட்டணம் கட்டி மறுபடி நுழைவது. விசா செல்லாவிட்டால் புது விசாவும் வேண்டும்.

ஒரு உறுப்பினரின் மகன் பணமுடையால் வெளியே கடையில் வேலைக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வழி அவனுக்கு அடைபட்டுவிடும். 'எப்படியாவது சமாளிச்சுக்கோ' என்று நாம் போனில் சொல்லும் ஒரு வார்த்தை அவனை அங்கே தள்ளிவிடலாம். 'கஷ்டம்னா முதல்ல எங்கிட்ட சொல்லு' என்று சொல்லுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

- விசா மறுத்தால் கல்லூரி முன்பணம் எவ்வளவு திரும்ப வரும்? எழுத்தில் வாங்கினோமா?
- விசா வருமுன் வங்கி கடனை விடுவித்தால், மறுத்தபின் வட்டி யார் கட்டுவது?
- பிள்ளையின் ஐ-20, பாஸ்போர்ட், விசா நகல் வீட்டில் இருக்கிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபின் கையெழுத்துப் போடுங்கள்.