சர்வர் மெதுவாக எழுதுகிறதா? அளந்த பிறகு கை வையுங்கள்

திங்கட்கிழமை காலை. கணக்குப் பிரிவிலிருந்து போன் வருகிறது. "தம்பி, ஃபைல் உடனே திறக்குது. சேவ் பண்ணினாத்தான் சுத்திக்கிட்டே நிக்குது. என்னன்னு பாருங்களேன்."

சிஸ்டம் அட்மினாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு இந்த போன் என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். அந்த அக்கா சொன்னதில் பாதி விடை இருக்கிறது: படிப்பது சரியாக நடக்கிறது, எழுதுவதுதான் இழுக்கிறது. சர்வரில் நான்கைந்து டிஸ்க்கைச் சேர்த்து லினக்ஸின் எம்டிஅட்ம் மூலம் மென்பொருள் ரெய்டாகக் கட்டியிருந்தால், எங்கே தேட வேண்டும் என்பது இதிலிருந்தே புரியத் தொடங்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே சிக்கல் வந்தது. நான்கு டிஸ்க், ரெய்டு 5. இணையத்தில் படித்த கெர்னல் அமைப்புகளை எல்லாம் இரண்டு இரவு மாற்றி மாற்றிப் பார்த்தேன். வேகம் கூடவில்லை. மூன்றாம் நாள் மூத்த பொறியாளர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரே ஒரு கட்டளையை ஓட்டி, திரையில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். மூன்று டிஸ்க்கில் ஒவ்வொரு எழுத்தும் 15 மில்லிவினாடிக்குள் முடிந்துகொண்டிருந்தது. நான்காவதில் அது 600-ஐத் தாண்டியிருந்தது. கோளாறு கேபிளில். அன்று கற்றதை இன்றுவரை விடவில்லை: அளக்காமல் எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

கீழே உள்ளது நான் பின்பற்றும் வரிசை. இதில் இறங்குமுன் பேக்கப் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு கோப்பையாவது திரும்ப எடுக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரெய்டு இருப்பதால் பேக்கப் வேண்டாம் என்று ஆகிவிடாது.

1. உண்மையான வேகத்தை அளங்கள்

பலரும் டிடி கட்டளையால் 1 ஜிபி கோப்பு ஒன்றை எழுதி, "வினாடிக்கு 1 ஜிபிக்கு மேல் வருகிறதே" என்று குழம்புவார்கள். அது மெமரியின் வேகம். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வாங்கி வைத்துக்கொள்ளும், பிறகுதான் டிஸ்க்குக்கு அனுப்பும். கடைசி பைட் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்டேட்டாசிங்க் தெரிவைச் சேர்த்தால்தான் டிடி சொல்லும் எண்ணை நம்பலாம்.

அதைவிட நல்ல கருவி ஃபியோ. இரண்டு சோதனை செய்யுங்கள்: பெரிய கோப்பைத் தொடர்ச்சியாக எழுதுவது ஒன்று, 4 கேபி துண்டுகளை அங்கங்கே எழுதுவது இன்னொன்று. பயனர் படும் தொல்லை இவற்றில் எந்த வகை என்று தெரிந்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும். சோதனையை எப்போதும் ஒரு தற்காலிகக் கோப்பின் மேல் நடத்துங்கள். தவறிப்போய் டிஸ்க்கின் பெயரையே கொடுத்துவிட்டால் அதிலுள்ள தரவு போய்விடும்.

2. ரெய்டு தொகுப்பில் வேறு வேலை ஓடுகிறதா?

ப்ராக் அடைவில் எம்டிஸ்டாட் என்ற கோப்பு இருக்கிறது. அதைத் திறக்க ஐந்து வினாடி போதும். நான்கு டிஸ்க் என்றால் நான்கு 'யூ' எழுத்துகள் தெரிய வேண்டும். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் ஒரு டிஸ்க் வெளியேறிவிட்டது. வேகத்தை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

டிஸ்க் எல்லாம் இருந்தும் மறுஒத்திசைவோ சரிபார்ப்போ ஓடிக்கொண்டிருக்கலாம். டெபியனில் எம்டிஅட்ம் பொதியை நிறுவினால் மாதத்தின் முதல் ஞாயிறன்று தானாகச் சரிபார்ப்பு தொடங்கும். பெரிய டிஸ்க் என்றால் அது திங்கட்கிழமை வரை நீளும். "மாசா மாசம் முதல் வாரம் ஸ்லோவாகுது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள். இந்த வேலைக்கு இயல்பாக உள்ள மேல்வரம்பு டிஸ்க்குக்கு வினாடிக்கு 2,00,000 கேபி. அலுவலக நேரத்தில் அதைக் குறைத்து, இரவில் திரும்ப உயர்த்தலாம்.

புதிதாக எக்ஸ்ட்4 போட்ட தொகுப்பா? முதல் முறை மவுண்ட் செய்த பிறகும் கோப்பு முறைமை பின்னணியில் தன் அட்டவணைகளை எழுதிக்கொண்டிருக்கும். அது முடியட்டும், பிறகு அளங்கள்.

3. ஒரு டிஸ்க் மட்டும் பின்தங்குகிறதா?

ரெய்டு 5-ல் ஓர் எழுத்து முடிய வேண்டுமானால், அதில் பங்குள்ள எல்லா டிஸ்க்கும் முடிக்க வேண்டும். ஒன்று நொண்டினால் எல்லாமே அதற்காகக் காத்திருக்கும். ஐயோஸ்டாட் கட்டளையின் விரிவான வடிவத்தை ஓட்டி, எழுத்துக்கான காத்திருப்பு நேரத்தை டிஸ்க் டிஸ்க்காக ஒப்பிடுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், டிஸ்க் தன் நலம் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுங்கள். 5, 197 ஆகிய எண்களில் மதிப்பு ஏறியிருந்தால் டிஸ்க்கின் தட்டு கெடுகிறது. டிஸ்க்கை மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 199 ஏறினால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் காரணம். இந்த 199 திரும்பச் சுழியத்துக்கு வராது. ஆகவே பழைய மதிப்பைப் பார்த்துப் பதற வேண்டாம், இப்போது ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. கெர்னல் பதிவையும் புரட்டுங்கள். சாட்டா இணைப்பு 6 ஜிகாபிட்டிலிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தால் அங்கே ஒரு வரி அதைச் சொல்லும்.

டிஸ்க்கின் வகையையும் கவனியுங்கள். எஸ்எம்ஆர் வகை டிஸ்க்கில் தடங்கள் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். முதலில் வேகமாக எழுதும், உள்ளே இருக்கும் தற்காலிக இடம் நிரம்பியதும் சட்டென்று சரியும். ரெய்டுக்கு இது ஏற்றதல்ல. வாங்கும் முன் மாடல் எண்ணை வைத்து உறுதிசெய்யுங்கள்.

4. கணக்குப் போடுங்கள்

டிஸ்க் நான்கும் நலம், வேறு வேலையும் ஓடவில்லை என்றால், அது இயல்பான வேகமாகவே இருக்கலாம். ரெய்டு 5-ல் சின்னதாக ஒன்றைத் திருத்த நான்கு செயல்கள் தேவை: பழைய தரவைப் படி, பழைய பேரிட்டியை (மீட்புக்கான கணக்கீட்டுத் தரவை) படி, புதிய தரவை எழுது, புதிய பேரிட்டியை எழுது. ரெய்டு 6-ல் பேரிட்டி இரண்டு என்பதால் ஆறு. ரெய்டு 10-ல் இரண்டே.

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 80 செயல் செய்யும் என்று வையுங்கள். நான்குக்கும் சேர்த்து 320. ரெய்டு 5 என்றால் அதை நான்கால் வகுக்க வேண்டும், கிடைப்பது 80 எழுத்து. ஒவ்வொன்றும் 4 கேபி என்றால் வினாடிக்கு 320 கேபி. எம்பி அல்ல, கேபி. டேட்டாபேஸை இதன்மேல் வைத்துவிட்டு எந்த அமைப்பைத் திருகினாலும் பெரிதாக மாறாது. ரெய்டு 10-க்கோ எஸ்எஸ்டிக்கோ மாற்றுவதுதான் வழி. நேர்காணலில் ரெய்டு பற்றிக் கேட்டால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டுங்கள். பத்து வரையறைகளை ஒப்பிப்பதைவிட இது நன்றாக எடுபடும்.

5. அடித்தளம் நேராக இருக்கிறதா?

இன்றைய டிஸ்க்குகள் பலவும் உள்ளே 4,096 பைட் பகுதிகளாக எழுதிக்கொண்டு, வெளியே 512 என்று சொல்லும். பழைய கருவிகள் பார்டிஷனை 63-வது செக்டாரில் தொடங்கின. அது 4,096-ன் எல்லையில் விழாது. அதனால் டிஸ்க் ஒரு பகுதியைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியிருக்கும். 2048-ல் தொடங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது கோப்பு முறைமைக்கும் ரெய்டுக்கும் உள்ள பொருத்தம். எம்டிஅட்மின் இயல்பான சங்க் அளவு, அதாவது ஒரு டிஸ்க்கில் ஒரு முறை எழுதும் துண்டு, 512 கேபி. நான்கு டிஸ்க் ரெய்டு 5-ல் தரவுக்கு மூன்று. ஆக முழு ஸ்ட்ரைப் 1.5 எம்பி. முழு ஸ்ட்ரைப்பாக எழுதினால் பழையதைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. 4 கேபி பிளாக் கொண்ட எக்ஸ்ட்4-ல் இதற்கான ஸ்ட்ரைட் 128, ஸ்ட்ரைப் அகலம் 384. டிஸ்க்கின் எண்ணிக்கையைப் பின்னாளில் கூட்டியிருந்தால் பழைய எண் அப்படியே நின்றிருக்கும், பார்த்துத் திருத்துங்கள்.

6. கடைசியில்தான் கெர்னல் அமைப்புகள்

ரெய்டு 5, 6-க்கு ஸ்ட்ரைப் கேஷ் என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பு மதிப்பு 256. அதை 4096 ஆக்கினால் தொடர் எழுத்து பல இடங்களில் தெளிவாகவே கூடும். நான்கு டிஸ்க் தொகுப்பில் அதற்கு 64 எம்பி மெமரி போகும். சர்வரை அணைத்துப் போட்டால் பழைய மதிப்பே திரும்பும். நிலையாக வேண்டுமானால் யூடெவ் விதியாக எழுதுங்கள்.

அடுத்தது பிட்மேப். எந்தப் பகுதியில் எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் ஏடு இது. குறிப்பு எழுதவும் டிஸ்க்கின் தலை நகர வேண்டும் என்பதால் வேகம் கொஞ்சம் குறையும். அதற்காக அதை நிரந்தரமாக நீக்கிவிடாதீர்கள். மின்சாரம் போய் வந்தால் பிட்மேப் குறித்த இடங்களை மட்டும் சரிசெய்தால் போதும். அது இல்லாவிட்டால், 4 டிபி டிஸ்க் முழுவதையும் வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒத்திசைக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பிட்மேப்பின் துண்டு அளவைப் பெரிதாக்கிப் பாருங்கள், அது நல்ல நடுவழி.

ரைட் பேரியர் என்ற பாதுகாப்பை அணைத்து வேகம் வாங்கச் சொல்லும் ஆலோசனைகளும் உங்கள் கண்ணில் படும். அவற்றைத் தொடாதீர்கள். பயனரின் ஒரு மாத வேலையை அந்தச் சில வினாடிகளுக்காகப் பணயம் வைக்க நமக்கு உரிமை இல்லை.

7. எழுதி வையுங்கள்

கேபிள் மாற்றிய அன்று அந்த மூத்தவர் என்னை எழுதவைத்த குறிப்பு ஏறத்தாழ இப்படி இருந்தது: "ரெய்டு 5, நான்கு டிஸ்க். 4 கேபி எழுத்து வினாடிக்கு 11. நான்காவது டிஸ்க் காத்திருப்பு 600 மில்லிவினாடிக்கு மேல். 199-ன் மதிப்பு ஐந்து நிமிடத்தில் 42-லிருந்து 57. கேபிள் மாற்றினோம். இப்போது 78. கணக்குப்படி 80." மேலாளர் அதை ஒரு நிமிடத்தில் படித்தார், மறுகேள்வி கேட்கவில்லை. உதிரி கேபிள் வாங்க அன்றே கையெழுத்துப் போட்டார்.

முன் என்ன அளவு, எதை மாற்றினோம், பின் என்ன அளவு: இந்த மூன்றும் ஒவ்வொரு வேலையிலும் இருக்கட்டும். அடுத்த ஆண்டு உங்கள் இடத்துக்கு வரும் தம்பியோ தங்கையோ இரண்டு இரவு விழிக்காமல் இருக்க இது உதவும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. கணக்குப் பிரிவுக்கு போன் போடுங்கள். "அக்கா, இப்ப ஒரு ஃபைலை சேவ் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு லைனிலேயே காத்திருங்கள். அவர் "ஆயிடுச்சு தம்பி" என்று சொன்ன பிறகு டிக்கெட்டை மூடுங்கள்.