காலைப் பசியாறலும் இனிப்புநீரும்

வாணிபம் செய்வோர் வரவு செலவு பார்க்காமல் கடை அடைப்பதில்லை. கல்லாவில் ஒரு வெள்ளி குறைந்தாலும் காரணம் தெரிந்தாக வேண்டும். ஆனால் சொந்த உடலின் கணக்கை மட்டும் நாம் ஆண்டுக்கணக்கில் புரட்டுவதில்லை. அக்கணக்கின் முதல் வரியாகிய காலைப் பசியாறலைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம்.

நீரிழிவு என்றும், சர்க்கரை வியாதி என்றும், நம்மவர் வாயில் இனிப்புநீர் என்றும் வழங்கும் இந்நோய் இந்நாட்டில் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது? 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, இந்நோய் இருக்கிறது. அவர்களில் ஐவருக்கு இருவர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். 2019-ஆம் ஆண்டின் ஆய்வு, மலேசியாவின் பெரிய இனங்களில் இந்திய வம்சாவளியினரிடமே இது மிகுதி என்று காட்டியது. எனவே இது அயலார் சங்கதி அன்று. நம் வீட்டுச் சங்கதி.

உணவு நின்றது, உழைப்பு போனது

பினாங்கின் பெயரோடு ஒட்டிவிட்ட நாசி கண்டாரை எடுத்துக்கொள்வோம். கண்டார் என்னும் மலாய்ச் சொல், தோளில் தடி வைத்துச் சுமப்பதைக் குறிக்கும். நம் முன்னோர் காவுதடியின் ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் ஆணமுமாகச் சுமந்து சென்று, துறைமுகத் தொழிலாளருக்குக் காலையில் விற்றார்கள். அதை உண்டவர் அடுத்த நாழிகையே மூட்டை தூக்கப் போனார். அவர் உண்ட சோறு தசைகளில் எரிந்து தீர்ந்தது.

இன்று அதே சோற்றை, குழம்பு பஞ்சிராக ஊற்றி உண்டுவிட்டு, நாம் நாற்காலியில் அமர்ந்து கல்லாவைப் பார்க்கிறோம். உணவு நின்றது, உழைப்பு போய்விட்டது. உண்ட சர்க்கரை எரிய வழியின்றி இரத்தத்திலேயே தங்குகிறது. குற்றம் நாசி கண்டாரின் மீது இல்லை. செலவு குறைந்த பிறகும் பழைய வரவையே வைத்துக்கொண்டிருப்பதில்தான் குற்றம்.

விடியற்காலையின் இயல்பு

நாம் கண் விழிக்குமுன்னரே உடல் விழிக்கத் தொடங்குகிறது. விடியற்காலையில் சில சுரப்பு நீர்கள் மிகுந்து, கல்லீரலைச் சர்க்கரை வெளியிடச் செய்கின்றன. நோயற்றவருக்குக் கணையம் வேண்டிய இன்சுலினைச் சுரந்து அதைச் சமன் செய்துவிடும். நீரிழிவுக்காரருக்கு அந்த இன்சுலின் போதுவதில்லை, அல்லது உடல் அதற்குச் சரிவரக் கட்டுப்படுவதில்லை. ஆகவே, ஒன்றும் உண்ணாதபோதே அவருடைய சர்க்கரை ஏறியிருக்கக்கூடும். அதன் மீது மாவும் சீனியும் சேர்ந்தால் என்னாகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

நம் மேசையில் உள்ளவை

ரொட்டி சானாய் ஒன்றில் சுமார் 300 கலோரி உண்டு. மைதாமாவு சர்க்கரையை ஏற்றும். அதிலுள்ள நெய்யும் எண்ணெயும் செரிமானத்தைத் தாமதப்படுத்தி, ஏறியது எளிதில் இறங்காமல் செய்யும். நாசி லெமாக்கின் தேங்காய்ப்பாலும் அவ்வாறே.

தோசை, இட்டலியில் எண்ணெய் குறைவு என்று சிலர் நிம்மதி கொள்கின்றனர். எண்ணெய் குறைவுதான்; அரிசி குறைவில்லையே! இடியாப்பத்தின் மேல் சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி தூவினால் தீங்கில்லை என்பதும் தவறு. கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையாகவே சேரும்.

இனி, தே தாரிக். "நான் சீனி போடுவதில்லை" என்பார் பலர். ஆனால் டின் பாலிலேயே பாதிக்கு மேல் சீனி இருக்கிறது. ஒரு கிளாசுக்கு இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால், நான்கைந்து தேக்கரண்டிச் சீனியைக் குடித்ததற்குச் சமம். வரும் வாடிக்கையாளருக்குத் தே வாங்கிக் கொடுப்பது நம் வாணிப மரியாதை. அவரோடு நாமும் குடிப்பது வழக்கம். பகல் பன்னிரண்டுக்குள் மூன்று கிளாஸ் ஆகிவிட்டால், உணவில் சேர்க்கும் இனிப்புக்கென உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுமைக்கும் கூறும் உச்ச அளவாகிய சுமார் 50 கிராமைத் தாண்டிவிடுகிறோம்.

பட்டினி மருந்தாகுமா?

அப்படியானால் காலையில் ஒன்றும் உண்ணாதிருந்தால் நல்லதா? 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுள்ள 22 பேர் ஒரு நாள் காலை உணவு உண்டும், மற்றொரு நாள் விட்டும் சோதிக்கப்பட்டனர். இரு நாளும் பகலுணவும் இரவுணவும் ஒன்றே. காலை உணவை விட்ட நாளில் அவ்விரு வேளைக்குப் பின்னும் சர்க்கரை மிகுதியாக ஏறிற்று. கடை திறக்கும் அவசரத்தில் பசியாறாமல் இருந்து, பதினொரு மணிக்குச் சேர்த்து வைத்து உண்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலாவது, வரிசையை மாற்றலாம். 2015-இல் அமெரிக்காவில் 11 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு சிறு ஆய்வில், காய்கறியும் கோழியும் முதலில் உண்டு, ரொட்டியைக் கடைசியில் உண்டபோது, ஒரு மணி நேரத்திற்குப் பிந்திய சர்க்கரை சுமார் 37 விழுக்காடு குறைவாக இருந்தது. நமக்கு இது அரிதன்று. முட்டை, மீன், வெண்டைக்காய், கோவா முதலியவற்றை முதலில் உண்டு, சோற்றைப் பாதியாகக் குறைத்துப் பின்னர் உண்ணலாம்; குழம்பைத் தனியாகக் கேட்கலாம். இரண்டு ரொட்டிக்குப் பதில் ஒன்றும், கெட்டியான பருப்பும், அவித்த முட்டையும் போதும்.

இரண்டாவது, தே ஓ கோசோங் என்று கேட்கப் பழகலாம். முதல் வாரம் நாக்கு மறுக்கும், பின்பு இணங்கிவிடும்.

மூன்றாவது, உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். கடைக்கு நடந்து செல்வதே அதற்கு ஒரு வழி.

நான்காவது, கணக்கைப் பார்க்கலாம். விரலில் குத்திப் பார்ப்பது நாள்வழிக் குறிப்பு. மருத்துவ நிலையத்தில் எடுக்கும் எச்.பி.ஏ.1சி சோதனை, ஏறக்குறைய மூன்று மாதத்தின் பேரேடு. வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0, உண்டு இரண்டு மணி கழித்து 4.4 முதல் 8.5 என்பன பலருக்கும் உரிய எல்லைகள். முதியோருக்கும் வேறு நோயுள்ளோருக்கும் மருத்துவர் வேறு எல்லை வகுப்பார். ஒரு நாள் ரொட்டி, மறுநாள் தோசை, அடுத்த நாள் முட்டை என்று உண்டு, இரண்டு மணி கழித்து அளந்து எழுதி வைத்தால், எது தமக்கு இலாபம், எது நட்டம் என்று அவரவரே அறியலாம்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுவோரும், கிளிக்லசைடு போன்ற மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரெனக் குறைக்கலாகாது; சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். கடையில் உடனிருக்கும் பிள்ளைகளும் இதை அறிந்திருப்பது அவசியம்.

கண், சிறுநீரகம், கால், இருதயம் ஆகிய நான்கையும் இந்நோய் ஓசையின்றி அரிக்கும். நாற்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருளை இரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொண்டுபோய்க் கொட்டுவோரை நாம் காணாமல் இல்லை. ஆகவே சகோதரர்களே, சோதித்துப் பார்க்காதவர்கள் இந்த வாரத்திலேயே அருகிலுள்ள கிளினிக்குக்குச் சென்று சோதித்துக்கொள்ளுங்கள்; வீட்டிலுள்ள பெண்மக்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.