லவ்பேர்ட்ஸ் தீனி: "பறவைக்குத்தானே" என்று விற்கலாமா?



தினையும் பனிவரகும் இன்று நம் கடைகளில் இரண்டு வகை வாடிக்கையாளருக்குப் போகின்றன. ஒருவர் சமைக்க வாங்குகிறார். மற்றவர் கூண்டுப் பறவைக்கு வாங்குகிறார். இரண்டாமவர் கேட்டால் மூட்டையின் அடித்தூசியை அள்ளிப் போடும் வழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அது தவறு. லவ்பேர்ட்ஸ் என்று நாம் சொல்லும் ஆஸ்திரேலியச் சிறுகிளியின் எடை 30, 40 கிராம்தான். நமக்கு வயிற்று வலியோடு போகும் கெடுதல் அதன் உயிரை வாங்கிவிடும்.

முதல் எதிரி பூஞ்சணம். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பிறகு கண்டார்கள். அஃப்ளடாக்சின் என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெயிலில் காயப்போட்டாலும் வறுத்தாலும் அது முழுதாக நீங்காது. ஆகவே ஈரம் பட்ட மூட்டை, கட்டி தட்டிய தானியம், முக்கிய வாடை வீசும் நிலக்கடலை ஆகியவற்றைச் சலித்து விற்கும் யோசனையே வேண்டாம்.

அடுத்தது விதைத் தானியம். விதைப்பில் மிஞ்சியதை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். சிவப்பு, பச்சைச் சாயம் தெரிந்தால் மருந்து கலந்தது என்று பொருள். உணவுக்கோ தீனிக்கோ உதவாது என்று பையில் அச்சிட வேண்டுமென 1968ஆம் ஆண்டு விதை விதிகளே சொல்கின்றன. மருந்து வைத்த குடோன் சரக்கையும் நன்றாகக் காற்றாடவிட்டுத்தான் கடைக்கு எடுக்க வேண்டும்.

பறவைக்கு உமியோடு உள்ள தினை, சாமை, பனிவரகுதான் சரி. அரிசியாக்கியது சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுங்கள். தானியம் மட்டும் தின்றால் வைட்டமின் ஏ குறையும். கழுவிய முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் உதவும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வாங்கி வையுங்கள், நன்றாகவே போகிறது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், வெங்காயம், உப்பு மிக்சர் இவை ஆகவே ஆகா.

இன்னொன்று: பறவை உமியை நீக்கிவிட்டுத்தான் தின்னும். கிண்ணத்தில் உமி நிறைந்திருக்க, தீனி இருக்கிறதென்று நினைத்து வீட்டார் விட்டுவிடுவார்கள். பறவை பட்டினி கிடக்கும். தினமும் உமியை ஊதிவிட்டுப் புதுத் தீனி போடும்படி பொட்டலம் கட்டும்போதே சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டுப் பச்சைக்கிளிக்கென்று கேட்டு வந்தால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம் என்பதையும் தெரிவியுங்கள்.