அபிமானமும் அபிப்பிராய பேதமும்

சிரஞ்சீவி மருமகனுக்கு, மாமன் எழுதுவது. உன் பிரிண்டிங் பட்டறைக்குப் பெரிய ஆர்டர் வந்திருப்பதையும், அதனால் இந்த மாதம் முழுவதும் உனக்கு இரவு வேலை இருப்பதையும் உன் தாயார் சொல்லி அறிந்தேன், சந்தோஷம்.

சனிக்கிழமை இரவு ஒன்றரை ஷிப்டு முடிந்து, சம்பளப் பட்டுவாடாவும் தீர்ந்து, ஊரே அலுத்து உறங்கி எழுகிற ஞாயிற்றுக்கிழமையில், மாலை வேளைக்குப் பல்லடம் ரோட்டில் ஒரு சிநேகிதர் வீட்டு மொட்டைமாடியில் நீங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி, இளையராஜாவின் பாட்டுக்களைப் போட்டுக் கேட்டுப் பேசிக் கலைகிறீர்கள் என்பதை முன்பே அறிவேன். அதைப் பற்றி எனக்கு அந்தரங்கமான பெருமிதமும் உண்டு. அந்தச் சபையில் ஒருவர் மட்டும் எப்போதும் மாறுகட்சி பேசுகிறார் என்றும், நீங்கள் எல்லோரும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருக்கையில், “இந்த இடத்தில் வாத்தியம் அதிகம், எம்.எஸ். விசுவநாதனாக இருந்தால் பாடகியைத் தனியே பாடவிட்டிருப்பார்” என்று சொல்லி ரஸத்தைக் கெடுக்கிறார் என்றும், ஆகவே இனி அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டாம் என்று மற்றவர்கள் தீர்மானித்திருக்கிறார்கள் என்றும் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். அவரை விலக்காதே என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்குரிய காரணத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதுகிறேன், பொறுமையுடன் வாசி.

ஒரு கலைஞரிடம் பக்தி வைத்தவர்கள் கூடுகிற இடத்தில் எதிர்க்குரல் எழுவது அபசாரம் என்ற எண்ணம் உங்கள் தலைமுறையில் பரவிவருவதைக் காண்கிறேன். நம் தமிழ்நாட்டு ரஸிகர்களின் சரித்திரம் அப்படிப்பட்டதன்று. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் வக்கீல் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில், வட்டத் தொட்டி என்று பெயர் பெற்ற முற்றத்தில், ஞாயிற்றுக்கிழமைதோறும் நண்பர்கள் கூடிக் கம்பன் கவியைப் பாடிக் கேட்டுப் பேசி அனுபவித்தார்கள். உங்கள் மொட்டைமாடிக்கு அதைவிடக் கௌரவமான முன்னோர் இருக்க முடியாது. ரசிகமணி என்று தேசமே அழைத்த அந்த மனிதரைவிடக் கம்பனுக்குப் பெரிய அபிமானி அந்தக் காலத்தில் இல்லை. காரைக்குடியில் சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது, அதற்குத் துணை நின்றவர்களில் முதன்மையானவரும் அவரே.

அப்படிப்பட்ட பக்தர்தாம், பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுக்களாக நமக்கு வந்து சேர்ந்திருக்கும் கம்பராமாயணத்தில் பெரும்பகுதி கம்பன் வாக்கே அன்று, பிறர் எழுதிச் சேர்த்த இடைச்செருகல் என்று அஞ்சாமல் சொன்னார். சொன்னதோடு நில்லாமல், தாம் அசல் என்று நம்பிய பாட்டுக்களை மாத்திரம் தேர்ந்தெடுத்து, ‘கம்பர் தரும் ராமாயணம்’ என்று தனி நூலாகவே பதிப்பித்தார். பண்டிதர்கள் கோபித்தார்கள். ஏட்டுப் பிரதிகளின் சாட்சியத்தை விட்டுவிட்டுத் தம் செவியையும் இதயத்தையுமே பிரமாணமாகக் கொள்ள ஒருவருக்கு என்ன அதிகாரம் என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்வி. என்னைக் கேட்டால், பாடபேதத்தைத் தீர்க்கும் காரியத்தில் பண்டிதர் பட்சமே வலுவானது என்பேன். ஆனால், ஒரு பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ‘இது கம்பன் சொல்லக்கூடியதுதானா? இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது? இந்தத் தாளம் ஏன் தட்டுகிறது?’ என்று கேட்டுக் கேட்டு வாசிக்கும் பழக்கத்தை ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு உண்டாக்கியவர் அவர். ஏற்றவர்களும் மறுத்தவர்களும் முன்னிலும் கூர்மையாகக் கம்பனைப் படித்தார்கள் என்பது பிரத்தியட்சம். அவர் 1954-இல் காலமான பிறகும் அந்த விவாதம் ஓயவில்லை. கம்பன் விழா மேடைகளிலோ, கம்பனுடைய பாத்திரங்களில் யார் உயர்ந்தவர் என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும் பட்டிமண்டபம் விழாவின் சிகரமாகவே ஆகிவிட்டது. ஒரே கவியின் அடியார்கள், அந்தக் கவியைப் பற்றியே மணிக்கணக்காகச் சண்டையிட்டுவிட்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகும் வழக்கம் நம்முடையது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். நான் பனியன் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்த காலத்தில், திருப்பூரில் யாரைக் கண்டாலும் எம்.ஜி.ஆர். கட்சியா, சிவாஜி கட்சியா என்பதுதான் முதல் கேள்வி. சுவரொட்டியில் சாணி அடிப்பதும், டீக்கடை பெஞ்சில் கைகலப்பதும் அக்காலத்திலும் உண்டு. அதை நான் சிலாகிக்க வரவில்லை. நான் சிவாஜி கட்சி. எனக்கு மிகவும் வேண்டிய சிநேகிதர், எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் தைத்தவர், எம்.ஜி.ஆரிடம் உயிரையே வைத்தவர். 1964-ஆம் வருஷத் தீபாவளிக்கு ஒரே நாளில் ‘படகோட்டி’யும் ‘நவராத்திரி’யும் வெளிவந்தன, ‘நவராத்திரி’ சிவாஜியின் நூறாவது படம், ஒன்பது வேஷம். அவ்விரண்டும் நம்மூருக்கு வந்தபோது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது: அவர் என்னுடன் ‘நவராத்திரி’ பார்க்க வேண்டும், நான் அவருடன் ‘படகோட்டி’ பார்க்க வேண்டும், பார்த்து முடியும்வரை இருவரும் வாய் திறக்கக் கூடாது.

‘நவராத்திரி’ முடிந்து நொய்யல் பாலத்தின் மேல் நடந்து வருகையில் அவர் பேச ஆரம்பித்தார். அந்த ஒன்பதில் தெருக்கூத்துக்காரராக வருகிற இடந்தான் தம்மை வென்றது என்றார். சாவித்திரியோடு சேர்ந்து கூத்து ஆடுகிற அந்தக் காட்சியில் நடிப்பு தெரியவில்லை, கூத்துக்காரன் மாத்திரமே தெரிந்தான் என்றும், மற்றச் சில வேஷங்களில் வேஷம் போட்டவர் கூடவே தெரிந்துகொண்டிருந்தார் என்றும் சொன்னார். மறுவாரம் ‘படகோட்டி’க்கு உட்கார்ந்தபோது, கொட்டகையில் விளக்கு அணையுமுன் என் காதோடு, “மூஞ்சியைப் பாக்காதே, நடையைப் பாரு” என்றார். பார்த்தேன். மணலில் எம்.ஜி.ஆர். நடந்து வருகிற வேகமும், ஒரு பாட்டின் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே உடம்பைத் திருப்புகிற லாகவமும், விசுவநாதன்–ராமமூர்த்தியின் தாளத்தோடு இணைந்து ஒரு தனி வித்தையாக இருந்தன. நான் கட்சி மாறவில்லை. இன்றைக்கும் சிவாஜி கட்சிதான். ஆனாலும் நடிப்பைப் பற்றி நான் அறிந்தவற்றில் பாதி அந்த எதிர்க்கட்சிக்காரர் கற்பித்தது. என் கட்சியார் எல்லோரும் நான் பார்த்ததையே பார்த்தார்கள். நான் பாராததைப் பார்க்க அவர் ஒருவர்தாம் இருந்தார்.

அந்த இரு நடிகர்களும் சேர்ந்து நடித்த படம் 1954-இல் வந்த ‘கூண்டுக்கிளி’ ஒன்றுதான் என்றாலும், தமக்குள் அண்ணன் தம்பி என்ற மரியாதையை இறுதிவரை காப்பாற்றினார்கள். உன் சிநேகிதர் விசுவநாதனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு முகம் சுளிக்கிறதே, அதற்கும் இதே ரீதியில் ஒரு பதில் இருக்கிறது. 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கிப் பத்தே வருஷங்களில் தமிழ்நாட்டுச் செவிகளையெல்லாம் தம் வசமாக்கிக்கொண்ட இளையராஜா, 1986-இல் ‘மெல்லத் திறந்தது கதவு’ படத்தில் விசுவநாதனோடு சேர்ந்தே இசையமைத்தார். அதில் பெரும்பாலான பாட்டுக்களுக்கு மெட்டு மூத்தவருடையது, வாத்திய அமைப்பு இளையவருடையது என்பார்கள். 2015 ஜூலையில் விசுவநாதன் காலமானபோது, அந்த மாதத்திலேயே ‘என்னுள்ளில் எம்.எஸ்.வி.’ என்று பெயரிட்டுச் சென்னையில் அவர் பாட்டுக்களைக் கொண்டே அஞ்சலி செலுத்தியவரும் இளையராஜாதான். உங்கள் இளையராஜாவே தமக்குள் இருப்பதாகச் சொல்லுகிற விசுவநாதனை, நீங்கள் ஏன் உங்கள் சபைக்குள் இருக்கவிடக் கூடாது?

இனி, மறுப்பவருக்கும் ஒரு தர்மம் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். தர்க்க சாஸ்திரக்காரர்கள், உண்மையை அறிவதற்காகப் பேசுவது வாதம், ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம், தனக்கென்று ஒரு கட்சியும் இல்லாமல் எதிரியின் பேச்சை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை என்று பிரித்தார்கள். உன் சிநேகிதர் எந்த வகை என்பதை நிதானமாகப் பார். அவர் பாட்டு முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசுகிறாரா, பாதியில் பேசுகிறாரா? இன்ன இடம் என்று சுட்டுகிறாரா, ‘எல்லாம் இப்படித்தான்’ என்று ஒரேயடியாய் வாரிக் கொட்டுகிறாரா? எப்போதாவது, ‘இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை’ என்று அவர் வாயால் சொன்னதுண்டா? நீ எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால், முன்னிசையில் எந்த இடத்தில் வாத்தியம் நெருக்குகிறது என்பதைக் கை காட்டிச் சொல்லுகிறார். அப்படியானால், அந்த மனிதர் உங்களைவிடக் கவனமாகக் கேட்கிறார்.

நம் ஊர்ச் செக்கிங் பிரிவில் நிற்கிற பெண்ணை நீ நாள்தோறும் பார்க்கிறாய். டியூப்லைட்டின் கீழ்ச் சட்டையை விரித்து, உள்ளே கையை விட்டுத் துணியை இழுத்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். அவள் அந்தச் சட்டைக்கு விரோதி என்று யாரும் சொல்வதில்லை. லாட்டு முழுவதையும் தூக்கி எறிவதும் அவள் வேலையன்று. மறுக்கிற ரஸிகரும் அவ்விதமே இருக்கக் கடவர். இந்த மனிதர் அம்புக்குறியோடு நிற்கிற பட்சத்தில், நீங்கள் அந்த இடத்தை மறுபடியும் கேட்டுப் பார்ப்பதுதான் மரியாதை.

ஒரு விஷயத்தில் மாத்திரம் கண்டிப்பாயிரு. பேச்சு பாட்டை விட்டு ஆளின் மேல் தாவினால், உடனே நிறுத்திவிடு. ‘நீ எந்த ஊர், என்ன படித்தாய், இதெல்லாம் உனக்கு எப்படிப் புரியும்’ என்கிற வார்த்தை எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது அபிப்பிராய பேதம் அன்று, துவேஷம். ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உன் பட்டறையில் வேலை செய்கிற பையன்களில் ஒருவன் உங்கள் மாடிக்கு வந்து உட்கார்ந்து, பாஷை தெரியாமலே ஒரு பாட்டைப் பற்றி மாறுபட்ட கருத்துச் சொன்னால், அவனுக்கும் முழு உரிமை உண்டு. உன் மேஜையில் ஒரு நடிகரின் முகத்தை அச்சடித்த டீ-சர்ட் காய்ந்துகொண்டிருக்கையிலேயே அவருடைய போட்டி நடிகரின் முகம் அடுத்த ஸ்கிரீனில் ஏறுகிறதே. அதை வாங்கிப் போட்டுக்கொள்ளுகிற பிள்ளைகள் ஒருவரையொருவர் தாயாரைச் சொல்லித் திட்டிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாயிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நீ சேரக் கூடாது.

அந்தச் சிநேகிதரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பத்துப் பேர் ஒத்துச் சொல்லுகிற இடத்தில் தனியாக ஒருவர் மாறிச் சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அவர் ஒவ்வொரு வாரமும் உங்கள் பரிகாசத்தைக் கேட்டுக்கொண்டு, மறுவாரமும் பெருமாநல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார் என்று எழுதியிருக்கிறாய். இளையராஜாவைப் பிடிக்காத மனிதர் இவ்வளவு தூரம் வருவாரா? விசுவநாதன் பாட்டை வீட்டிலேயே கேட்டுக்கொண்டிருக்கலாமே. உங்களோடு சண்டையிட வேண்டும் என்பதற்காகவே உங்கள் அளவுக்கு அந்தப் பாட்டுக்களைக் கேட்டுவிட்டு வருகிறார். அந்தச் சிரமத்தை உங்களில் எத்தனை பேர் அவருடைய விசுவநாதனுக்காக எடுத்துக்கொண்டீர்கள் என்று உன்னையே கேட்டுப் பார்.

ஆகவே, வருகிற ஞாயிறு நீயே நேரில் போய் அவரை அழைத்து வா. அன்று பாட்டுக்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை அவரிடமே கொடு. முதலில் விசுவநாதன் தனியாக இசையமைத்தது ஒன்று, பிறகு இளையராஜா தனியாக அமைத்தது ஒன்று, கடைசியாக அந்த 1986 படத்திலிருந்து ‘வா வெண்ணிலா’. மூத்தவர் கை எங்கே, இளையவர் கை எங்கே என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். அவரைக் கடைசியில் பேசச் சொல், நடுவில் யாரும் குறுக்கிட வேண்டாம். ரசிகமணியின் ‘இதய ஒலி’ என்னிடம் ஒரு பழைய பிரதி இருக்கிறது. உன் தாயார் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். நீ வாசித்தபின் அவருக்கும் கொடு, அதில் அவர் எந்தெந்த இடத்தில் மாறுபடுகிறார் என்பதைக் கேட்டு எனக்கு எழுது.

இரவு வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. குழந்தைகளுக்கு என் ஆசி.

இங்ஙனம்,
உன் மாமன்