ஸ்டாப்பரை இழுத்தும் நிற்காத டிராக்டர்

கேள்வி: எங்கள் பழைய டிராக்டரில் ஸ்டாப்பரை இழுத்தாலும் இன்ஜின் உடனே நிற்பதில்லை, தடதடவென்று ஓடித்தான் அடங்கும். இப்போது அதுவும் இல்லை. டிரைவர் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு அணைக்கிறார். சாவியை எடுத்தும் ஓடுகிறதே, வயரிங் கோளாறா? பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: பம்பைக் கழற்ற அவசரம் வேண்டாம். உங்கள் வண்டியில் சாவிக்கு வேலை ஸ்டார்ட் செய்வதோடு சரி. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுங்கிச் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. டீசல் வரத்து நின்றால்தான் இன்ஜின் நிற்கும். நீங்கள் இழுக்கும் ஸ்டாப்பர் ஒரு கேபிள் வழியாகப் பம்பின் பக்கவாட்டில் உள்ள சின்ன லீவரை இழுக்கிறது. அந்த லீவர் உள்ளேயிருக்கும் ராக்கை நகர்த்தி டீசலை அடைக்கிறது.

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபேன் பெல்ட்டில் துணி சிக்காமல் பார்த்துக்கொண்டு, அந்த லீவரைக் கையாலேயே கடைசி வரை தள்ளுங்கள். பட்டென்று நின்றால் பம்பில் குற்றமில்லை, கேபிள்தான். சேற்றில் உழலும் வண்டியில் கேபிள் துருப்பிடித்து இறுகுவதும், கிளாம்ப் நழுவி இழுப்பு குறைவதும் சகஜம். புதுக் கேபிள் போட்டால் வேலை முடிந்தது. லீவர் முழுக்கத் திரும்பியும் ஓடினால் ராக் இறுகியிருக்கலாம். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் இப்படி ஆகும். அப்போது பம்பைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் காலிபிரேஷன் மேடை உள்ள பம்ப் சர்வீஸ் கடையில் மட்டும் பிரிக்கச் சொல்லுங்கள். வயல் வரப்பில் வைத்துப் பிரித்த பம்ப் உருப்படாது.

இதையெல்லாம் செய்யும் முன்பே ஆயில் டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். அளவு கூடியிருந்து டீசல் வாடையும் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஃபீட் பம்பிலோ பம்ப் சீலிலோ கசியும் டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். நீர்த்த ஆயில் பிரீதர் வழியாகக் காற்றுப் பாதைக்குள் போனால், ஸ்டாப்பர் டீசலை அடைத்தாலும் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓடும். ஆயில் பாத் ஏர் கிளீனரில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே கதிதான். நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. டர்போ உள்ள வண்டியென்றால் டர்போ சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

புகை கக்கிக்கொண்டு வேகம் தானாக ஏறினால் ஸ்டாப்பரோடு மல்லுக்கட்டாதீர்கள். இன்ஜின் வெடித்துச் சிதறும் அபாயம் உண்டு. பக்கத்தில் போக முடிகிற நிலையென்றால் காற்று நுழையும் வாயைக் கனமான பலகையால் அடையுங்கள். கையையோ துண்டையோ வைத்தால் இழுத்துக்கொள்ளும். இல்லையென்றால் எல்லோரும் விலகிவிடுங்கள்.

உங்கள் டிரைவரின் கியர் வித்தை ஆபத்துக்கு உதவும். தினம் செய்தால் கிளட்ச் போய்விடும், முன்னால் நிற்பவர் மீது வண்டி பாயவும் கூடும். கேபிள் மாற்றும்வரை பம்ப் லீவரைக் கையால் தள்ளியே அணைக்கச் சொல்லுங்கள். டீசல் டேப்பை மூடினாலும் நிற்கும், ஆனால் லைனில் ஏர் ஏறி மறுநாள் காலையில் ஏர் எடுக்கும் வேலை வந்து சேரும்.