முதல் பிளைட் ஏறப்போகும் பிள்ளைக்கு

கண்ணு, சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கமலாபுரம் விமான நிலையத்தில் முதன்முதலாக பிளைட் ஏறப்போகிறாய் என்று அம்மா சொன்னாள். சந்தோஷம். டிக்கெட் சங்கதியை உன் போனே சொல்லிவிடும். அது சொல்லாததைக் கேட்டுக்கொள்.

1. வாசலிலிருந்து வாசலுக்குக் கணக்குப் போடு. சென்னைக்கு வான்வழி 265 கிலோமீட்டர் போல. பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் நாமக்கல்லிலிருந்து கமலாபுரம் போக ஒன்றரை மணி, அங்கே காத்திருக்க ஒன்றரை, இறங்கிப் பெட்டி எடுத்துப் பெரம்பூர் போய்ச் சேர ஒன்றரை. ஐந்தரை மணி ஆயிற்றா? சேலத்தில் வந்தே பாரத் ரயில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல்; முன்னும் பின்னும் போகிற நேரத்தைச் சேர்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை. ஆசைக்கு ஏறு; அவசரத்துக்கு என்று பெருமை பேசாதே.

2. முன்னதாகப் போ. கிளம்புவதற்கு ஒரு மணி முன்பே கவுன்டரை மூடிவிடுவார்கள். அப்படி மூடியபின் ஓடிவந்த ஒருவர், உள்ளே இருந்த சின்னப் பெண்ணைப் பிடித்துக் கத்தியதைப் பார்த்திருக்கிறேன். தாமதம் அவருடையது, திட்டு அவளுக்கு. நேரம் தவறியவன் நாக்கும் தவறக் கூடாது.

3. தெரியாததைக் கேள். கமலாபுரத்து ஓடுபாதை சுமார் 6,000 அடி. அங்கே வருவது இறக்கையில் விசிறி சுழலும் ஏடிஆர் விமானம். பின்கதவு வழியாகத்தான் ஏற்றுவார்கள். முன்வரிசைக்காரரும் அந்தச் சின்னப் படியில் கடைசியாளோடுதான் நிற்கவேண்டும். பெல்ட் மாட்டத் தெரியாவிட்டால் பணிப்பெண்ணிடம் கேள். கேட்டவன் ஒரு நிமிஷம் கூசுவான், கேட்காதவன் இறங்கும்வரை தவிப்பான்.

4. இன்னொரு வழியையும் மனதில் வை. கமலாபுரம் நிலையம் 1993-இல் திறந்தது. சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. 2018-இல் மறுபடி தொடங்கி, 2021-இல் நின்று, 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. ஆகவே இன்டர்வியூ என்றால் முந்தின நாளே போய்விடு. பிளைட் ரத்தானால் புலம்பாமல் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியைத் திருப்பு.

5. தரையில் போகிறவரை இளக்காரமாகப் பார்க்காதே. நம்மூர் முட்டையும் நம்மூர்ப் பெயரும் நாலு திசைக்கும் போனது லாரியில்தான். பக்கத்து வீட்டு டிரைவர் பெரியப்பாவிடம், "கொச்சிக்கு எத்தனை மணி நேரம்?" என்று கேட்டால், "முட்டை உடையாமல் போய்ச் சேருகிற நேரம்" என்பார். கிலோமீட்டரைக் கேட்டால் சொல்லவே மாட்டார். வேகத்தை வைத்து மனுஷனை எடைபோடாதே என்பதை அவரிடம்தான் கற்றேன்.

6. ஏதாவது நேரம் மிச்சமானால் அதை யாருக்காவது கொடு. அதையும் போனிலேயே கரைத்தால் பறந்து என்ன பயன்? பெரம்பூரில் சித்தியோடு உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டு உன் வேலைக்குப் போ. இறங்கியதும் முதலில் அம்மாவுக்குப் போன் போடு; ஸ்டேட்டஸ் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.